வேலிப் பொட்டுக்குள்ளால் வந்த அலை

கோப்பாய்,
1949ஆம் ஆண்டு, ஆவணி மாதம் பன்னிரண்டாம் நாள்.

தம்பி,

இன்றைக்கு எனக்கு அறுபத்துமூன்று வயதும் நான்கு மாதமும் நிறைந்திருக்கின்றன. நீ உன் கடிதத்தில் "எழுபதை நெருங்கும் இந்த வயதில்" என்று எழுதியிருக்கிறபடியால் இதை முதல் வரியிலேயே சொல்லிவைக்கிறேன். நீ என் பிள்ளைதான் என்றாலும் ஓர் அப்புக்காத்து, வழக்குப் பேசுகிறவன். கட்சிக்காரருக்கு வேண்டிய திசையில் எண்களைச் சற்றே நீட்டுவது உன் தொழிலில் பாவமில்லை. ஆனால் இந்த வழக்கில் எதிராளி நான். என் வயது எனக்குத் தெரியும்.

உன் கோரிக்கையில் மயக்கம் எதுவும் இல்லை. புரட்டாதி பிறந்ததும் நீ யாழ்ப்பாணம் வருவாய். நான் இந்த வீட்டைப் பூட்டி, கமராவை யாருக்காவது கொடுத்துவிட்டு, உன்னோடு புகையிரதம் ஏறி, மிச்சக் காலத்தை வெள்ளவத்தையில் கழிக்க வேண்டும். அதற்குச் சொன்ன காரணங்களும் தெளிவானவையே: ஊர் சிரிக்கிறது, நான் கடல்நீருக்கு நடுவே பரண் ஏறி விழுந்து எலும்பை முறிக்கப் போகிறேன், படங்களை உற்று உற்றுப் பார்த்துக் கண்ணைப் பழுதாக்கப் போகிறேன். என் பதிலையும் மயக்கமின்றிச் சொல்கிறேன். புரட்டாதியில் நான் வரமாட்டேன். அந்த மாதத்தில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. அதைத் தவறவிட்டால் இன்னும் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும். என் வயதை நீ இவ்வளவு அழுத்திச் சொன்னபிறகு, ஓர் ஆண்டைக் கடன் கேட்க எனக்கு மனமில்லை. அந்த வேலை என்னவென்று முழுவதும் எழுதுகிறேன். உட்கார்ந்து வாசி. இரண்டு மாதமாக இதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டுமென்று துடித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே கேட்கிறவர்கள் எல்லோரும் பாதியில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

கமரா உன் அப்பாவுடையது. நில அளவையாளராக இருந்தவர் எல்லைக் கற்களையும் குளக்கட்டுகளையும் அதைக்கொண்டு படம் எடுத்து வைத்தார். அழகுக்காக ஒரு படமேனும் எடுத்ததாக எனக்கு நினைவில்லை. அவர் போனபின் அது அலுமாரியில் வேட்டிகளுக்கு நடுவே கிடந்தது. பாடசாலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டில் திருத்துவதற்குக் கணக்குக் கொப்பிகள் இல்லாமல் கை துறுதுறுத்த நாளொன்றில் அதை வெளியில் எடுத்தேன். முதல் ஓராண்டு நான் எடுத்த படங்களை நீ பார்க்காதது உன் அதிர்ஷ்டம். காரைநகர்க் கடலில் சூரியன் இறங்குவது, பனைக்குப் பின்னால் நிலவு, கோயிற் கேணியில் ஒற்றைத் தாமரை. கழுவித் தந்த கடைக்காரர், "நல்ல வடிவு ரீச்சர், கலண்டருக்குக் குடுக்கலாம்" என்றார். அந்தப் பாராட்டைக் கேட்டபின் அவற்றை நான் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை. எல்லோரும் அழகென்று ஒப்புக்கொண்ட இடத்தில் போய் நின்று அழகைப் படம் எடுத்திருக்கிறேன்; அதற்கு என் கண் தேவைப்படவில்லை, கால் மட்டும் தேவைப்பட்டது.

பிறகொரு காலையில் துணி காயப்போடும்போது, பக்கத்து வளவுக் கனகம்மாவின் கிடுகுவேலியின் நிழல் எங்கள் வெண்மணல் முற்றத்தில் விழுந்திருந்தது. ஓலைக்கீற்று ஒவ்வொன்றும் ஒரு கோடு. கோடும் வெளியுமாய், கோடும் வெளியுமாய், வாசலிலிருந்து கிணற்றடிவரை. ஈரத்துணியைத் தோளில் போட்டபடியே ஓடிப்போய்க் கமராவைக் கொண்டுவந்தேன். இரண்டு படம் எடுப்பதற்குள் வேலிக்கு மேலால் கனகம்மாவின் தலை எழும்பியது.

"என்ன ரீச்சர், வழக்கோ?"

"இல்லைப் பிள்ளை. நிழலைப் படம் எடுக்கிறன்."

"நிழலை ஆர் ரீச்சர் படம் எடுக்கிறது? உண்மையைச் சொல்லுங்கோ. நாங்கள் வேலியை ஒரு சாண் தன்னும் தள்ளிப் போடேல்லை. என்ரை மனுசன் நூல் பிடிச்சுத்தான் கட்டினவர்."

"நான் வேலியைப் பற்றிக் கதைக்கவே இல்லை, கனகம்மா."

"கதைக்கேல்லை, படமெல்லே எடுக்கிறியள்!"

அடுத்த நாள் விடியப் பார்க்கிறேன், வேலி ஒரு சாண் அவர்கள் பக்கமாக நகர்ந்து நின்றது. படம் சரியாக வரவில்லை. காணி சற்று வந்தது. யாழ்ப்பாணத்தில் வேலிக்கு முன்னால் கமராவோடு நிற்கும் மனிதர் நீதிமன்றத்துக்குப் போகிற வழியில்தான் நிற்கிறார் என்பது இந்த ஊரின் அசையாத நம்பிக்கை. உன் சோறு அந்த நம்பிக்கையில் வேகிறதென்பதால் நான் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அன்றோடு ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். தண்ணீருக்கு எல்லைக்கல் இல்லை, காணி உறுதி இல்லை, பங்காளி இல்லை. ஆகவே இனி அலையைப் படம் எடுப்பேன். யாரும் வழக்கென்று கேட்கமாட்டார்கள். இந்தத் தீர்மானம் எவ்வளவு தவறென்பதை உன் வெள்ளவத்தை உறவினர் உனக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள், அவர்கள் சொன்னதில் பாதி பொய் என்றாலும்.

உனக்கு ஆறு வயதாயிருக்கும்போது அப்பா நம்மை மணற்காட்டுக்குக் கூட்டிப்போனார். மணற்குன்றின் முதுகு முழுவதும் சிறு சிறு வரிகள், ஒரே இடைவெளியில், கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு. நீ கீழே குந்தியிருந்து, "ஆர் அம்மா இஞ்சை கோடு கீறினது?" என்று கேட்டாய். "காத்து" என்றார் அப்பா. நீ நன்றாக யோசித்துவிட்டு, "காத்திட்டை கோடு கீற அடிமட்டம் இருக்கோ?" என்றாய். அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை, எனக்குப் பௌதிகம் தெரியும் என்பதைக் காட்ட அதைவிட நல்ல தருணம் வராதென்று, மணற்பருக்கை எப்படித் துள்ளி எப்படி விழுகிறதென்று உனக்கு நீளமாக விளக்கினேன். நீ கொட்டாவி விட்டாய். நியாயமான கொட்டாவி. காற்றுக்கு அடிமட்டம் இருக்கிறதா என்பது நான் சொன்ன விடையைவிடப் பெரிய கேள்வி. அதைக் கொஞ்ச நேரம் அப்படியே மணலில் கிடக்க விட்டிருக்கலாம். உன் மகளும் இப்படி ஏதாவது கேட்பாள். அப்பொழுது சட்டம் பேசாதே. அவளோடு சேர்ந்து நீயும் குந்தியிரு. இந்த நான்கு வருடத்தில் நான் கற்றது அந்தக் குந்தலைத்தான். புகையிலைத் தோட்டத்து வாய்க்கால்கள், பாத்திகளில் கட்டிய தண்ணீரின் நடுக்கம், மார்கழி வானத்து வரிமேகம், உப்பளத்தில் காய்ந்து வெடித்த சேறு: எங்கே பார்த்தாலும் யாரோ அடிமட்டம் வைத்திருக்கிறார்கள். ஒருமுறை கண்டுவிட்டால் காணாமல் இருக்க முடிவதில்லை. பஸ்ஸில் முன்னால் இருக்கிறவரின் கழுத்துச் சுருக்கத்தைக்கூட எண்ணுகிறேன்.

அலைக்காக நான் தேர்ந்த இடம் அரியாலைக் கரை. பெருங்கடல் எனக்கு வேண்டாம்; அது சத்தம் போடுகிறது, ஒன்றையும் நிதானமாகச் சொல்வதில்லை. கடனீரேரியில் முழங்கால் அளவு தண்ணீர். சோளகக் காற்று தெற்கேயிருந்து சின்னச் சின்ன அலைகளை வரிசையாக அனுப்பும். அங்கே மரியாம்பிள்ளை என்ற மீனவர் களங்கட்டி போட்டிருக்கிறார். தண்ணீருக்குள் தடிகளை நட்டு, நெருக்கமாகத் தட்டி கட்டி, மீனை வளைத்து உள்ளே கொண்டுபோகிற நீண்ட வேலி அது. (ஆம், அங்கேயும் வேலி. அப்பொழுதே நான் யோசித்திருக்க வேண்டும்.) வேலியின் அருகே, அதைக் காவல் பார்க்க அவர் கட்டிய ஒரு பரண். உயரத்திலிருந்து பார்த்தால்தான் அலையின் கோலம் தெரியும் என்பதால் அந்தப் பரணை அவரிடம் கேட்டேன்.

"ரீச்சரம்மா, மீன் வேணுமெண்டால் சொல்லுங்கோ, வீட்டை கொண்டந்து தாறன். உதிலை ஏறி இடுப்பை முறிக்காதேங்கோ."

"நான் சைவம், மரியாம்பிள்ளை. மீன் வேண்டாம்."

"அப்ப உந்தப் பெட்டியாலை என்னத்தைப் பிடிக்கப் போறியள்?"

"அலையை."

அவர் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அலை விலைப்படுமெண்டால் நாங்கள் எப்பவோ மாடி வீடு கட்டியிருப்பம்" என்று சொல்லிவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

ஆனி மாதம், அவர்களுடைய கோயில் திருநாளுக்கு முதல்நாட் காலை. கரையில் எல்லோரும் திருநாள் வளைவு கட்டும் மும்முரத்தில் இருந்தார்கள். நீருக்குள் நான் ஒருத்திதான். ஏறிப் பழகிய பரண், தனியே ஏறிவிட்டேன். காற்று மெல்லிதாக இருந்தது. கீழே பார்த்தேன். தம்பி, அதை எப்படி எழுதுவேன்! தெற்கேயிருந்து அலைகள் நேர்கோடுகளாக வந்து வேலியில் மோதி அடங்கின. ஆனால் வேலியில் அன்று இரண்டு இடத்தில் பொட்டு விழுந்திருந்தது. ஆள் நுழையும் அகலத்தில் இரண்டு இடைவெளி. ஒவ்வொரு பொட்டுக்குள்ளாலும் புகுந்த அலை மறுபுறம் வந்ததும் அரைவட்டமாய் விரிந்தது. இந்த அரைவட்டங்களும் அந்த அரைவட்டங்களும் ஒன்றையொன்று ஊடறுத்துக்கொண்டு கரைநோக்கி நடந்தன. ஊடறுத்த இடங்களில் சில பாதைகள் வழியே நீர் இருமடங்காய் எழுந்தது. அந்தப் பாதைகளுக்கு இடையே, விசிறியின் மடிப்புப்போல, எண்ணெய் வார்த்ததுபோல நீர் அசையாமல் கிடந்தது. இரண்டு பக்கமிருந்தும் அலை வந்துகொண்டிருக்கிறது, நடுவில் அமைதி!

நான் இதை முன்பே பார்த்திருக்கிறேன். சென்னையில் பி.ஏ. படித்த காலத்தில், இருட்டாக்கிய ஆய்வுகூடத்தில், ஓர் அட்டையில் நூலளவில் கீறிய இரண்டு பிளவுகளுக்குள்ளால் விளக்கொளியை விட்டு, சுவரில் விழுந்த பட்டைகளைப் பேராசிரியர் காட்டினார். ஒளிப்பட்டை, இருட்பட்டை, மறுபடி ஒளி. ஒளியோடு ஒளி சேர்ந்து இருட்டு உண்டாகிறது என்றார். எனக்குக் கூச்சல் போட வேண்டும்போல இருந்தது. ஆனால் அந்த வகுப்பில் நான் ஒருத்தியே பெண்; மற்றவர்கள் என் முகத்தில் என்ன தெரிகிறதென்று பார்த்துக்கொண்டேயிருப்பார்கள். ஆகவே முகத்தில் ஒன்றும் தெரியாமல் குறிப்பெழுதிவிட்டு வந்தேன். நாற்பது வருடத்துக்கு மேலாக அடக்கிவைத்த அந்தக் கூச்சலை அன்று பரணில் நின்று போட்டேன். கரையில் யாருக்கும் கேட்கவில்லை. ஒரு நாரை மட்டும் எழும்பிப் பறந்தது. கத்திய வேகத்தில் கமரா ஆடி முதற் படம் கலங்கிவிட்டது. பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு இன்னொன்று எடுத்தேன். அதோடு சுருள் முடிந்தது.

அந்த ஒன்றையும் நானே கெடுத்தேன். இப்பொழுது படங்களை நானே கழுவுகிறேன். களஞ்சிய அறையின் யன்னலைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டேன். கோப்பாய்க் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு மிகுதி என்பதால் பிலிமைக் கடைசியில் அலச மழைத்தண்ணீர் பிடித்து ஒரு பானையில் மூடி வைப்பது வழக்கம். ஆனியில் பானை வற்றிக் கிடந்தது. ஒரு வாரம் பொறுத்திருந்தால் தெரிந்தவர் வீட்டுத் தொட்டியில் கேட்டு வாங்கியிருக்கலாம். எனக்கு ஒரு மணித்தியாலம் பொறுக்க முடியவில்லை. கிணற்றுத் தண்ணீரில் அலசினேன். காய்ந்தபோது பிலிம் முழுவதும் அம்மை போட்டதுபோல் வெள்ளைப் புள்ளி. அதோடு, பொட்டு இரண்டும் படத்தில் அகப்பட்டாலும் கோலத்தின் கிழக்குப் பாதி சட்டத்துக்கு வெளியே போய்விட்டிருந்தது. ஆனாலும் மருந்துத் தட்டத்தில் படக் கடதாசியின் வெண்மையிலிருந்து முதலில் ஒரு வளைவு, பிறகு அதை ஊடறுக்கும் இன்னொரு வளைவு என்று எழும்பி வந்ததே, அந்த நிமிடத்தை நான் எதற்கும் மாற்றமாட்டேன். பாதிக் கோலம் கையில் இருக்கிறது. முழுக் கோலம் எனக்கு வேண்டும்.

இனி நீ கேள்விப்பட்ட வழக்கு. திருநாளன்று புனிதரின் சுரூபத்தை யார் தோளில் முதலில் சுமப்பதென்று மரியாம்பிள்ளைக்கும், பக்கத்துக் களங்கட்டிக்காரரான சூசைப்பிள்ளைக்கும் கைகலப்பு. இரண்டு நாள் கழித்து மரியாம்பிள்ளை தன் வேலியில் பொட்டுகளைக் கண்டார். சண்டையின் வஞ்சத்தில் சூசைதான் வெட்டினார் என்று, வழக்கு எழுதித் தருகிற பிறக்கிராசியாரிடம் ஓடினார். ஓடினதோடு நில்லாமல், "ரீச்சரம்மா என்ரை வேலியைப் படம் பிடிச்சு வைச்சிருக்கிறா" என்று பெருமையோடு என்னைச் சாட்சியாகவும் சொல்லிவிட்டார். வேலியில் பொட்டு இருப்பது மீன்காரருக்கு நட்டம் என்பதே எனக்கு அப்பொழுதுதான் தெரியும். அவர் வசதிக்கு விட்ட வாசல் என்று நினைத்திருந்தேன். வழக்கு வைக்குமுன் இரு பக்கத்தாரையும் பிறக்கிராசியார் தம் விறாந்தைக்கு அழைத்தார். நான் ஏறியது அந்த விறாந்தைப் படி. நீதிமன்றப் படி ஏறினேன் என்று உனக்குச் சொன்னவருக்கு என் வணக்கத்தைச் சொல்.

பிறக்கிராசியார் படத்தை வாங்கி இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். "ரீச்சர், இதிலை மேல் எது, கீழ் எது?"

"தாருங்கோ ஐயா" என்று மரியாம்பிள்ளை பறித்தார். "உது தலைகீழ். இஞ்சை கரை, இது என்ரை வேலி, இந்தா ரண்டு பொட்டு! கண்ணாலை கண்டியளே? சூசை வெட்டின பொட்டு!"

தூணோடு சாய்ந்து நின்ற சூசைப்பிள்ளை கையை நீட்டினார். "காட்டும் பாப்பம், மச்சான். ம்... உந்தக் கரையிலை நிக்கிறது என்ன?"

"குருடோ? திருநாள் வளைவு."

"வளைவிலை ஓலை எங்கை?"

மரியாம்பிள்ளை படத்தைக் கண்ணுக்குக் கிட்டவாகக் கொண்டுபோனார்.

"ஓலை கட்டினது திருநாளுக்கு முதல்நாள் பின்னேரம். ஏறிக் கட்டினது நானும் நீரும். அப்ப நாங்கள் சண்டையும் பிடிக்கேல்லை, ஒரு சுருட்டைப் பாதி பாதியாய்க் குடிச்சுக்கொண்டு நிண்டனாங்கள். வேலி அதுக்கு முதலே பிஞ்சு கிடக்குது. சண்டை வரப்போகுதெண்டு முன்கூட்டியே வெட்டி வைக்க எனக்கென்ன விசரோ? உம்மடை வள்ளம்தான் இடிச்சிருக்கும். நீர் என்ன நிலையிலை வள்ளம் விடுறனீர் எண்டு மீனுக்கும் தெரியும்."

மரியாம்பிள்ளை என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் இருந்த வேதனையை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன். "ரீச்சரம்மா, நீங்கள் அலையைத்தானே எடுக்கிறனெண்டு சொன்னனியள்?"

"ஓம்."

"பேந்தேன் வளைவை எடுத்தனியள்?"

பிறக்கிராசியார் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி விழுந்தது. வழக்கு அந்த விறாந்தையிலேயே முடிந்தது. சூசைப்பிள்ளை மரியாம்பிள்ளையின் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போனார்.

நான் அடுத்த பஸ்ஸில் அரியாலைக்குப் போனேன். நான் பயந்தபடியே மரியாம்பிள்ளை தண்ணீருக்குள் நின்று பொட்டுகளை அடைத்துக்கொண்டிருந்தார்.

"பொட்டை அடையாதையும்!" என்று கரையிலிருந்தே கத்தினேன்.

"அடையாமல்? மீன் முழுக்கச் சூசையின்ரை வேலிக்குப் போறதுக்கோ? போதும் ரீச்சரம்மா, நீங்கள் செய்த உபகாரம்!"

அவரைக் கரைக்கு அழைத்து, மணலில் சுள்ளியால் வேலி கீறி, பொட்டு கீறி, வளையங்களைக் கீறிக் காட்டினேன். முதலில் வேண்டா வெறுப்பாகப் பார்த்தார். பிறகு குந்தினார். "உது உண்மைதான். ரண்டு வள்ளம் கிட்டக் கிட்டப் போனால் நடுவிலை உப்பிடித்தான் தண்ணி செத்துக் கிடக்கும். ஆனால் உதைப் பாத்து என்ன செய்யிறது?" என்றார். "பாக்கிறதுதான்" என்றேன். அவர் நெடுநேரம் தாடியைச் சொறிந்தார். முடிவில் உடன்படிக்கை ஏற்பட்டது. ஒரே ஒரு விடியலுக்கு அவர் இரண்டு தட்டிகளை அவிழ்த்து வைப்பார், நான் கேட்கும் இடத்தில், நான் கேட்கும் அகலத்தில். அதற்குப் பதிலாக, பொட்டே இல்லாத வேலிக்கு முன்னால் அவர் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் பெரிய படம் ஒன்று நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். வலை பின்னிக்கொண்டிருந்த சூசைப்பிள்ளை, "அண்டைக்கு என்ரை பக்கம் தப்பி வாற மீனிலை பாதி உமக்கு மச்சான். அலையிலை பாதி எனக்கு வேண்டாம்" என்றார்.

அந்த விடியல் புரட்டாதியின் முற்பாதியில்தான் வரும். சோளகம் ஓய்வதற்கு முன் சில காலைகள் மிக மெல்லிதாக, நேராக வீசும். ஆனியில் நான் கண்டதைவிடச் சுத்தமான அலைகள் வரும் என்று இருவரும் சொல்கிறார்கள். அது போனால் வாடைக்காற்று தரைப்பக்கமிருந்து கிளம்பிவிடும். அந்தக் கரை தட்டத்துத் தண்ணீர்போலக் கிடக்கும். நீ நினைத்தபடி நடந்தால், அந்த அலைகள் பொட்டுக்குள்ளால் வந்து விரிகிற நேரத்தில் நான் மாகோப் புகையிரதச் சந்தியில் உன்னோடு ஆறிய தேநீர் குடித்துக்கொண்டிருப்பேன். அதைவிட விழுந்து இடுப்பை முறிப்பது மேல். பரணுக்குக் கீழே முழங்கால் தண்ணீரும் மூன்று முழம் சேறும் இருக்கின்றன. விழுந்தால் நனைவேன், நாறுவேன், எழும்பி வருவேன். ஊர் சிரிப்பது பற்றி நீ வருந்தாதே. நான் பட்டம் பெற்று வந்தபோதும் இந்த ஊர் சிரித்தது. பிறகு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரச் சொல்லி வாசலில் வந்து நின்றது. நீ வர விரும்பினால் புரட்டாதியில் வா. என்னைக் கொண்டுபோக வராதே. மகளையும் கூட்டிக்கொண்டு வா, பரணில் இடம் இருக்கிறது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு வர வேண்டும்.

எஞ்சியிருப்பது கண். இதற்கு விடை சொல்ல இதுவரை எனக்குச் சுதந்திரம் இருக்கவில்லை. வைகாசியில் உன் தங்கையின் கலியாணமும் ஒப்பேறிவிட்டதால் இனிச் சொல்லலாம். எனக்கு வலது கண் தெரியாது. ஒன்பது வயதில் சின்னமுத்து என்ற அம்மை வந்து இறங்கியபோது அதன் பார்வையும் போய்விட்டது. வெளியே பார்ப்பதற்கு ஒரு பழுதும் இல்லை. என் தாயார் கதவைச் சாத்திவிட்டு, "உதை ஆரிட்டையும் மூச்சு விடாதை, பிள்ளை. குருடியெண்டு பேர் விழுந்தால் இந்தப் படலையை ஒருத்தனும் திறவான்" என்றார். எனக்குக் கலியாணம் ஆனபின் அந்த எச்சரிக்கை உங்களுக்கும் பொருந்தியது; உன் சம்பந்தம் பேசும்போது "தாய்க்குக் கண் பழுதாம், பரம்பரையோ" என்ற ஒரு வார்த்தை போதும், உன் மாமனார் வந்த வண்டிலைத் திருப்பியிருப்பார். ஆகவே ஒற்றைக் கண்ணால் படித்தேன், பட்டம் பெற்றேன், உங்களை வளர்த்தேன், வாயைத் திறக்கவில்லை. கண் பழுதாகிவிடும் என்ற உன் அச்சம் ஐம்பத்துநான்கு வருடம் பிந்தி வந்திருக்கிறது. உங்களுக்குக் கிட்டவும் தூரவுமாகத் தெரிகிற உலகம் எனக்கு எப்பொழுதும் ஒரு கடதாசியில் பரப்பியதுபோலத்தான் தெரிந்தது; எது அருகில், எது தொலைவில் என்று அறிய நான் கோடுகளையும் இடைவெளிகளையும் எண்ணிப் பழகினேன். கமராவுக்கும் கண் ஒன்றுதான். அதனோடு எனக்கு இவ்வளவு கெதியில் ஒத்துப்போனது அதனாலாயிருக்கலாம்.

உன் அப்பாவுக்கு மட்டும் தெரியும். நான் சொல்லவில்லை. கலியாணமான புதிதில் ஒருநாள் உடுப்பிட்டிப் பக்கம் அளவை வேலைக்குப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். வயல்வெளியில் அளவைக் கருவியை முக்காலியில் நிறுத்தி, பார்க்கச் சொன்னார். தூரத்தில் நட்ட சிவப்பும் வெள்ளையுமான கம்பு அதற்குள் தலைகீழாக, தொட்டுவிடும் கிட்டத்தில் தெரிந்தது. நான் வியந்துபோய் அது தெரிகிறது, இது தெரிகிறது என்று சொல்லிக்கொண்டே போனேன். அந்தக் கருவியில் ஒரு கண்ணை வைக்கிற எவரும் மற்றக் கண்ணை இறுக மூடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது; என் வலது கண் திறந்தபடியே இருந்தது. நிமிர்ந்தபோது அவருடைய கை என் முகத்துக்கு வலப்புறம், காற்றில், அசைந்தபடியே இருந்தது. அதை அவர் எவ்வளவு நேரம் அசைத்தாரோ, நான் அறியேன். குறையை மறைத்துக் கட்டிவைத்த பெண் என்று அன்று மாலையே என்னைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட அவருக்கு உரிமை இருந்தது; கேட்கவும் ஊரில் ஆள் இருந்திராது. அவர் கையைக் கீழே விட்டார். கருவியின் திருகை ஒருமுறை சரிசெய்தார். பிறகு சொன்னார்:

"அப்ப உமக்கு ஒண்டை மூடுற வேலை மிச்சம்."